பச்சை வேர்க்கடலை வாங்குவதும் அவிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சை வேர்க்கடலை வரத் தொடங்கியதும் என்னிடம் கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். பாதிப் பேர் உப்பு அளவு கேட்பார்கள், மீதிப் பேர் விசில் கணக்குக் கேட்பார்கள். எப்படிப்பட்ட காயை வாங்கினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால்தான் கோளாறு எங்கே என்று தெரியவரும். அவித்த கடலையின் ருசியில் முக்கால் பங்கு, காயைப் பொறுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் பதில்களையும் அங்கிருந்தே தொடங்கியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

பச்சைக் கடலைன்னா பச்சை நிறத்துல இருக்குமா?

இருக்காது. இங்கே பச்சை என்றால் காயாதது என்று பொருள். மண்ணிலிருந்து பிடுங்கி, இன்னும் வெயில் காட்டாத காய். ஓடு வெளிர் மஞ்சளாகவோ அது விளைந்த மண்ணின் நிறத்திலோ இருக்கும். உள்ளே பருப்பின் தோல் வெளிர் ரோஜா நிறமாக இருக்கும். சில ரகங்களில் நல்ல சிவப்பு.

பிடுங்கிய அன்று கடலையின் எடையில் ஏறத்தாழ 35 முதல் 50 விழுக்காடு வரை தண்ணீர்தான். மூட்டை கட்டிச் சேமிக்கும் உலர்ந்த காயில் அது 10 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். இந்த ஈரம்தான் அவித்த கடலைக்கு அந்த மெத்தென்ற பதத்தையும் லேசான இனிப்பையும் தருகிறது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஈரத்தைச் சுற்றியே வரும்.

"பச்சைக் கடலை"ன்னு கேட்டா கொண்டைக்கடலையைக் காட்டுறாங்க. என்ன பேர் சொல்லிக் கேக்கணும்?

நிலக்கடலை, வேர்க்கடலை, கடலைக்காய், மல்லாட்டை, மணிலாக்கொட்டை, கச்சான் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் கூடவே "ஓட்டோடு, காயவைக்காதது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பச்சை என்ற சொல்லை மட்டும் நம்பினால் உரித்த, உலர்ந்த, வறுக்காத பருப்பும் உங்கள் கைக்கு வரலாம். வறுக்காததையும் பச்சை என்றுதானே சொல்கிறோம்.

வருஷம் முழுக்கக் கிடைக்காதா?

கிடைக்காது. விதைத்து 90 முதல் 120 நாளில், ரகத்தைப் பொறுத்து, செடியைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய காய் சில நாளுக்குள் ஒன்று அடுப்புக்குப் போக வேண்டும், இல்லையென்றால் களத்துக்குப் போய்க் காய வேண்டும். அதனால் அறுவடை நடக்கும் வாரங்கள்தான் பச்சைக் கடலையின் காலம். கடலை போடும் விவசாயி யாரையாவது தெரிந்திருந்தால் எந்த வாரம் பிடுங்கப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிடுங்கிய அன்றே வாங்கிய காய்க்கு ஈடு கிடையாது.

கடையில நிக்கும்போது புதுசா பழசான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் காதை நம்புங்கள். ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டுங்கள். பச்சைக் காயில் பருப்பு ஓட்டை நிறைத்துக்கொண்டு இருக்கும், சத்தம் வராது. கலகலவென்று ஆடினால் அது காய்ந்த காய், அல்லது காய்ந்துகொண்டிருக்கும் காய்.

அடுத்தது கை. அதே அளவுள்ள காய்ந்த காயைவிடப் பச்சைக் காய் கனமாக இருக்கும். அழுத்தினால் ஓடு சட்டென்று நொறுங்காது, கொஞ்சம் வளைந்து கொடுத்து, பிறகு ஈரமாக உடையும். காம்பு ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள், வளைந்தால் புதிது. கொடியோடு வந்த காய் என்றால் இலை உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

கடைசியாக மூக்கு. ஒரு கை நிறைய அள்ளி முகருங்கள். ஈர மண் வாசனை மட்டும் வர வேண்டும். புளித்த வாடையோ பூஞ்சை வாடையோ துளி வந்தாலும் அந்தக் குவியலை விட்டுவிடுங்கள். மேலே இருக்கும் காயை மட்டும் பார்க்காமல் குவியலின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். அடியில் சூடு தெரிந்தால் காய் உள்ளுக்குள் வெந்துபோய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிடுங்கிய பிறகும் காய் மூச்சு விடுகிறது, காற்றோட்டம் இல்லாமல் குவித்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை.

மண் ஒட்டின காய் வாங்கணுமா, கழுவினது வாங்கணுமா?

மண் ஒட்டியதுதான் என் தேர்வு. கழுவிய காய் பளிச்சென்று இருக்கும், ஆனால் கழுவிய ஈரம் ஓட்டின் மேலேயே நின்று சீக்கிரம் பிசுபிசுக்க வைக்கும். வீட்டுக்குப் போனதும் அடுப்பில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் கழுவியதும் சரிதான்.

காய்ஞ்ச காயைத் தண்ணியில ஊறவெச்சு பச்சைன்னு வித்தா எப்படித் தெரியும்?

உடைத்துப் பார்த்தால் தெரியும். உண்மையான பச்சைக் காயில் பருப்பு உப்பலாக, தோல் சுருக்கமே இல்லாமல் மினுமினுப்பாக ஒட்டியிருக்கும். ஓட்டின் உள்பக்கமும் ஈரமாக, பருப்போடு நெருங்கி இருக்கும். காய்ந்து பிறகு ஊறிய காயில் பருப்பின் தோல் சுருங்கி, விரலால் தள்ளினாலே நழுவும். ஓடு மட்டும் ஊறி, பருப்பு உள்ளே உறுதியாக இருப்பதும் உண்டு.

ஒன்றிரண்டு காயை உடைத்துப் பார்க்க விடாத இடத்தில் நான் வாங்குவதில்லை. ஊறவைத்த காயும் அவிக்க ஏற்றதுதான், ஆனால் அதற்கு நேரக் கணக்கே வேறு. தெரியாமல் வாங்கினால் அடுப்பின் முன்னால் நின்று குழம்ப நேரும்.

இளசு நல்லதா, முத்தினது நல்லதா?

அவிக்க என்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ளது. எண்ணெய்க்கும் வறுக்கவும் நன்றாக முற்ற வேண்டும், அவிக்க அந்த அளவு முற்றத் தேவையில்லை. ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சுபோல் இருந்தால் இளசு. அங்கங்கே பழுப்பு படர ஆரம்பித்திருந்தால் அவிக்க நல்ல பருவம். முழுக்கக் கரும்பழுப்பாகிவிட்டால் முற்றியது. பருப்பின் தோலும் அப்படியே வெள்ளை, வெளிர் ரோஜா, அடர் ரோஜா என்று மாறிக்கொண்டே போகும்.

ஒரு செடியில் எல்லாக் காயும் ஒரே வயதில் இருக்காது. கடலைச் செடி வாரக் கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். பூ மண்ணுக்கு மேலே பூத்து, கருவுற்ற பிறகு அதிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காயாகிறது. முதலில் இறங்கிய விழுதின் காய் முற்றும்போது கடைசியாக இறங்கியது பிஞ்சாகவே இருக்கும். அதனால் நீங்கள் வாங்கும் ஒரு கிலோவில் எல்லா வயதும் கலந்துதான் இருக்கும், அது யாருடைய தப்பும் இல்லை. மிகப் பிஞ்சான காயின் ஓடு அவிந்ததும் மென்மையாகிவிடும், அதை ஓட்டோடே மென்று சாப்பிடுபவர்களும் உண்டு.

எந்த ரகம் அவிக்க நல்லா இருக்கும்?

உலகம் முழுக்கப் பயிராகும் கடலையைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பார்கள்: வலென்சியா, ஸ்பானிஷ், வர்ஜீனியா, ரன்னர். வலென்சியாவில் ஒரு காய்க்குள் மூன்று நான்கு பருப்பு இருக்கும், சிவந்த தோல், இனிப்பு. அவிக்க இதுதான் எனக்குப் பிடித்தது. வர்ஜீனியாவின் பருப்பு பெரிது, வாயை நிறைக்கும், வேகக் கொஞ்சம் நேரம் கூடும். ஸ்பானிஷ் வகை சிறியது, எண்ணெய்ச் சத்து அதிகம், சீக்கிரம் வேகும். ரன்னர் நடுத்தரம்.

ஆனாலும் முந்தாநாள் பிடுங்கிய வலென்சியாவைவிட இன்று பிடுங்கிய எந்தக் காயும் மேல்.

சில காயை உடைச்சா உள்ளே ஒண்ணுமே இல்லையே?

அது பொக்கு. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், குறைந்ததால் வருவது. வேர் உறிஞ்சும் கால்சியம் தண்ணீரோடு மேலே இலைக்குத்தான் போகும், கீழே காய்க்குத் திரும்பி வராது. காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அங்கே இல்லையென்றால் ஓடு மட்டும் வளர்ந்து பருப்பு பிடிக்காது. கடலைக்கு ஜிப்சம் போட்டு மண் அணைப்பது இதற்காகத்தான்.

ஒரு கைப்பிடியில் ஒன்றிரண்டு பொக்கு இருப்பது இயல்பு. அள்ளும் போதெல்லாம் நாலைந்து வந்தால் வேறு குவியலைப் பாருங்கள்.

ஓட்டுல கறுப்புப் புள்ளி இருக்கே, எடுக்கலாமா?

தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள். ஓடு உறுதியாக இருந்து, கறை மேலோடு நின்றால் அது மண் கறை, ஒன்றும் செய்யாது. அந்த இடம் அழுத்தும்போது அமுங்கினாலோ, கறை ஓட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தாலோ அழுகல். உடைத்தால் பருப்பின் மேல் பச்சை, மஞ்சள் அல்லது சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தால் அந்தக் காயை மட்டுமல்ல, அதோடு ஒட்டிக் கிடந்தவற்றையும் பார்த்து ஒதுக்குங்கள். இதில் மட்டும் மனம் இரங்காதீர்கள். ஏன் என்பதை அஃப்லாடாக்சின் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

முளைவிட்ட கடலை வந்திருக்கு. அவிக்கலாமா?

ஸ்பானிஷ், வலென்சியா வகைகளின் விதைக்கு உறக்க காலம் கிடையாது என்றே சொல்லலாம். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். வர்ஜீனியா வகையில் இது அரிது. முளை வெள்ளையாக, புதிதாக இருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் ஓடு பிளந்திருக்கும், அதன் வழியே மண்ணும் கிருமியும் உள்ளே போயிருக்கும். நான் அவற்றைத் தனியே எடுத்துவிடுவேன்.

வாங்கிட்டு வந்தேன், இன்னைக்கு அவிக்க முடியல. எப்படி வைக்கிறது?

பிளாஸ்டிக் பையிலிருந்து உடனே வெளியே எடுங்கள். ஒருமுறை மூன்று கிலோ காயைக் கட்டிய பையிலேயே ஒரு ராத்திரி விட்டுவிட்டேன். காலையில் பையைத் திறந்தபோது உள்ளே வெதுவெதுப்பாக, புளித்த வாடையோடு இருந்தது. மூன்று கிலோவும் போயிற்று. குவியலின் சூட்டைப் பற்றி மேலே சொன்னது இப்படித்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் அவிப்பதென்றால் நிழலில், தரையில் துணி விரித்து ஓரடுக்காகப் பரப்புங்கள். இரண்டு மூன்று நாள் ஆகுமென்றால் கழுவாமல், துணிப்பையிலோ துளையுள்ள கூடையிலோ போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் வரை தாங்கும், ஆனால் நாளுக்கு நாள் இனிப்பு குறையும். அதற்கு மேல் என்றால் கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் போட்டெடுத்து, வடித்து, ஆறவிட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். என்னைக் கேட்டால் முழுக்க அவித்தே ஃப்ரீசரில் வைப்பதுதான் சுலபம்.

கழுவக் கழுவ மண் போகவே மாட்டேங்குது. எத்தனை தடவை கழுவறது?

கணக்கு வைக்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். முதலில் அகலமான பாத்திரத்தில் காய் மூழ்கத் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் ஊறவிடுங்கள். ஓட்டின் வலைப்பள்ளங்களில் காய்ந்த மண் இளகும். பிறகு இரண்டு கையாலும் காயோடு காயைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்களை மேலாக அள்ளி அடுத்த பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் அடியில் படிந்த மண் மறுபடி காய்மேலேயே விழும். செம்மண் காய் என்றால் நான்கைந்து தடவை பிடிக்கும், மணல்பாங்கான நிலத்துக் காய்க்கு இரண்டு மூன்றே போதும்.

கழுவும்போதே காம்பு, வேர்த்துணுக்கு, வாய் பிளந்த காய் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிளந்த காய்க்குள் இருக்கும் மண் வெந்த பிறகு பல்லில் நறநறக்கும்.

தண்ணியில மிதக்கிற காயெல்லாம் பொக்குன்னு எடுத்துப் போட்டுடலாமா?

வேண்டாம். ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையில் காற்று இருப்பதால் நல்ல காயும் மிதக்கும். மிதப்பதில் நாலைந்தை உடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பருப்பு இருக்கும். பொக்கைக் கண்டுபிடிக்க விரலால் அழுத்துவதே சரியான வழி.

அவிக்கும்போதும் இதே காற்றுதான் தொந்தரவு. மேலே மிதக்கும் காய் பாதி வெந்து, உப்பு பிடிக்காமல் நிற்கும். காய்களின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அது நகராதபடி ஏதாவது பாரம் வைத்தால் எல்லாம் தண்ணீருக்குள் அடங்கும். வேக வேக ஓட்டுக்குள் தண்ணீர் புகுந்து தானாகவே மூழ்கிவிடும்.

உப்பு எவ்வளவு போடணும்? முதல்லயே போட்டா வேகாதுங்கறாங்களே?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்பில் தொடங்குங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதைவிடக் கொஞ்சம் குறைவு. நாக்கில் வைத்தால் அதிகம்போலத் தோன்றும். ஆனால் இந்த உப்பு ஓட்டைத் தாண்டித்தான் பருப்பைத் தொட வேண்டும், பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடும். கரண்டிக் கணக்கைவிட எடை நம்பகமானது, ஏனென்றால் கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது.

முதலிலேயே போடலாம். உப்பு பருப்பைக் கெட்டியாக்கும் என்பது பழைய பயம். உண்மையில் உப்பில் உள்ள சோடியம் பருப்பு, பயறு வகைகளின் தோலை இளக்கவே செய்கிறது. கெட்டியாக்குவது புளிப்பு. புளி, எலுமிச்சை, தக்காளி எது சேர்ப்பதானாலும் வெந்த பிறகு சேருங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுண்டினால் உப்பில்லாத வெந்நீர் ஊற்றுங்கள், சுண்டச் சுண்ட உப்புத்தான் ஏறும்.

குக்கரா, திறந்த பாத்திரமா? எத்தனை விசில்?

நேரமிருந்தால் திறந்த பாத்திரம். நடுவில் ஒரு காயை எடுத்து உடைத்துப் பார்த்துப் பதத்தைப் பிடிக்க முடிவது இதில்தான். காய்க்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். கொதி வந்த பிறகு மிதமான தீயில் 30 முதல் 45 நிமிடத்தில், கடித்தால் லேசாக எதிர்ப்புக் காட்டும் பதம் வரும். வாயில் கரையும் பதம் வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரமும் ஆகும்.

குக்கரில் விசிலை எண்ணுவதைவிட நிமிடத்தை எண்ணுங்கள். குக்கருக்குக் குக்கர் விசில் வரும் வேகம் மாறும். ஆவி நன்றாகக் கட்டியதும் தீயைக் குறைத்து, இளங்காய்க்கு 10 முதல் 15 நிமிடம், முற்றிய காய்க்கு 20 முதல் 25 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மிதக்கும் தோலும் துணுக்கும் ஆவித்துளையை அடைக்கக்கூடும்.

ஆவியில வேகவெச்சா?

வேகும், சத்தும் தண்ணீரில் போகாது. ஆனால் உப்பு உள்ளே ஏற வழியில்லை. உப்பில்லாமல் சாப்பிடுபவர்களுக்கு நல்ல முறை.

ஒரே பாத்திரத்துல சிலது குழைஞ்சு சிலது வேகாம இருக்கு. ஏன்?

ஒரு செடியின் காய்களுக்கு வயது வேறு வேறு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுதான் காரணம். கழுவும்போதே ஓரளவு பிரித்துக்கொள்ளலாம். ஓட்டின் வலைக்கோடுகள் ஆழமாக, ஓடு கடினமாக இருப்பது முற்றியது. ஓடு வழுவழுப்பாக, வெளிறி, அழுத்தினால் அமுங்குவது இளசு. முற்றியதை முதலில் போட்டு 15 நிமிடம் கழித்து இளசைச் சேருங்கள். பிரிக்கப் பொறுமை இல்லையென்றால் முற்றிய காய் வேகும் வரை வேகவிடுங்கள். பிஞ்சு கொஞ்சம் குழைந்தாலும் ருசி கெடாது, வேகாத முற்றல் கடலை பச்சை வாடை அடிக்கும்.

ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் கெட்டியாவே இருக்கு!

முதல் சந்தேகம் காய்மேல்தான் வர வேண்டும். நீங்கள் வாங்கியது பாதி காய்ந்ததாக இருக்கலாம், ஆட்டிப் பார்க்கும் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது தண்ணீர். கடின நீரில் உள்ள கால்சியம் பருப்பை இளக விடாது. குடிக்கும் வடிகட்டிய நீரில் அவித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் சோப்பு போன்ற ஒரு ருசி வந்துவிடுகிறது, நான் போடுவதில்லை.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரம் சுமார் 300 மீட்டர் கூடும்போது தண்ணீர் கொதிக்கும் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் குறையும். 2000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர்தான் கைகொடுக்கும்.

நல்லா வெந்துடுச்சு, ஆனா உப்பு ஓட்டோட நின்னுபோச்சு. உள்ளே ஏறவே இல்லை.

அடுப்பை அணைத்ததும் வடித்துவிட்டீர்கள். எல்லோரும் செய்யும் பிழை இது, இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கொதிக்கும்போது ஓட்டுக்குள் ஆவி நிறைந்திருக்கும். ஆற ஆற அந்த ஆவி மறுபடி தண்ணீராகிச் சுருங்கும், அந்த வெற்றிடத்துக்கு வெளியே இருக்கும் உப்புநீரை உள்ளே இழுக்கும். ஆகவே அடுப்பை அணைத்த பிறகும் காயை அந்தத் தண்ணீரிலேயே அரைமணி நேரம் விடுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு காயைத் தின்று பார்த்து, உங்கள் நாக்குக்குச் சரியானதும் வடித்துவிடுங்கள்.

ஆறிய தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். ராத்திரி முழுக்க ஊற வேண்டுமென்றால் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். உப்பு மிஞ்சிவிட்டால் உப்பில்லாத வெந்நீரில் பதினைந்து இருபது நிமிடம் போட்டு வையுங்கள், இறங்கிவிடும்.

தண்ணி கறுத்துப்போச்சு. சாயம் ஏதாவது பூசியிருப்பாங்களோ?

பயப்படாதீர்கள். கடலைத் தோலிலும் ஓட்டிலும் துவர்ப்புப் பொருளான டானின் இருக்கிறது. அது கரைந்து தண்ணீர் பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறும். இரும்புச் சட்டியில் அவித்தால் டானினும் இரும்பும் சேர்ந்து நல்ல கறுப்பாகிவிடும். எவர்சில்வர் பாத்திரம் இதற்கு நல்லது. உப்புநீர் நெடுநேரம் நின்றால் அலுமினியத்தை அரிக்கும். இந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் இருக்கும் உப்பு வேரைக் கருக்கிவிடும்.

பச்சைக் காய் கிடைக்கலை. காய்ஞ்ச காயை அவிக்கலாமா?

அவிக்கலாம், வறுக்காததாக இருந்தால். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய உப்புநீரில் குக்கரில் 45 நிமிடமாவது வைக்க வேண்டும். திறந்த பாத்திரம் என்றால் பல மணி நேரம். வயிறு நிறையும், ருசியும் உண்டு, ஆனால் அந்த இளம் இனிப்பு திரும்பி வராது. வறுத்த காய் எவ்வளவு வேகவைத்தாலும் உதவாது.

அவிச்சது எத்தனை நாள் தாங்கும்? பாட்டில்ல அடைச்சு வைக்கலாமா?

அவித்த கடலை ஈரம் நிறைந்தது, வெளியே வைத்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. வடித்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் மூன்று முதல் ஐந்து நாள். வழுவழுப்போ புளித்த வாடையோ வந்தால் தூக்கிப் போடுங்கள். ஃப்ரீசரில் ஓட்டோடு வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும், வேண்டும்போது கொதிநீரில் போட்டால் போதும்.

பாட்டிலில் அடைத்து வெளியே வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். கடலை புளிப்பில்லாத உணவு. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் வளர்ந்து உயிரைப் பறிக்கும் நச்சை உண்டாக்கும். சாதாரணக் கொதிநீரில் அந்த வித்துகள் சாவதில்லை. அவற்றை அழிக்க அழுத்தத்தில் பதப்படுத்தும் தனிச் சாதனமும் சோதித்த முறையும் வேண்டும். வீட்டுக்கு ஃப்ரீசரே பாதுகாப்பு.

அவிச்சா அஃப்லாடாக்சின் போயிடும்தானே?

போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் துருவிப் போனபோதுதான் அஃப்லாடாக்சின் என்ற நச்சே உலகுக்குத் தெரியவந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை உண்டாக்குவது அது, கல்லீரலைக் கெடுப்பது. கொதிநீரின் வெப்பம் பூஞ்சையைக் கொல்லும், அது விட்டுச்சென்ற நச்சை அழிக்காது.

பொறுக்கும்போதே கவனமாக இருப்பதுதான் நம் கையில் உள்ள வழி. அமுங்கிய காய், பொடி படிந்த பருப்பு, சுருங்கிய நிறம் மாறிய பருப்பு எல்லாம் குப்பைக்கு. தின்னும்போது ஒன்று கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

வறுத்தது அலர்ஜி. அவிச்சது சாப்பிடலாமா? குழந்தைக்கு?

ஒவ்வாமை உள்ளவர்கள் தாங்களாகச் சோதித்துப் பார்க்கவே கூடாது. அவிக்கும்போது ஒவ்வாமை தூண்டும் புரதங்களில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து போவது உண்மை. ஆனால் மீதி இருப்பதே சிலருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கப் போதும். மருத்துவர் சொல்லாமல் ஒரு பருப்புகூட வேண்டாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும் முழுப் பருப்பைத் தராதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். நன்றாக மசித்துக் கொடுங்கள்.

வறுத்ததைவிட அவிச்சதுல கொழுப்பு கம்மின்னு சொல்றாங்களே?

எடைக்கு எடை பார்த்தால் கம்மிதான். 100 கிராம் அவித்த கடலையில் சுமார் 318 கலோரி, 22 கிராம் கொழுப்பு, 13.5 கிராம் புரதம். 100 கிராம் உலர்ந்த பருப்பில் சுமார் 567 கலோரி, 49 கிராம் கொழுப்பு, 26 கிராம் புரதம். ஆனால் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தண்ணீர்தான், கொழுப்பு எங்கும் காணாமல் போகவில்லை. எண்ணிக்கைக்கு எண்ணிக்கை தின்றால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே கையளவில் சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுகிறது என்பதே லாபம். கவனிக்க வேண்டியது உப்பு. பெரியவர்கள் ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் லிட்டருக்கு 10 கிராம் போட்டு அவித்தாலே ருசி கிடைக்கும்.

வீட்டுல நானே போட்டிருக்கேன். அவிக்க எப்போ பிடுங்கணும்?

முற்றும் நாள் என்று விதைப் பையில் போட்டிருப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் பார்க்கத் தொடங்குங்கள். அடியிலை மஞ்சளாவது ஓர் அறிகுறி, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், நோயாலும் இலை பழுக்கும். ஒரே ஒரு செடியைப் பிடுங்கி, பத்துக் காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஐந்தாறில் பழுப்பு படர ஆரம்பித்திருந்தால் அவிக்கும் பருவம் வந்துவிட்டது.

முதல் நாள் மாலை மண்ணை நனைத்து, மறுநாள் காலையில் பிடுங்குங்கள். காய்ந்த மண்ணில் இழுத்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள் நின்றுவிடும். பிடுங்கியதும் கொடியை உதறி, காயை ஆய்ந்து, அப்படியே கழுவி அடுப்பில் ஏற்றுங்கள். அன்று உப்புகூடப் பாதி போதும்.